மடி வாட்டர்ஸ்: பருத்திக்காட்டு டிராக்டர் ஓட்டுநர் ராக் இசைக்கு அடித்தளம் போட்டது எப்படி?

1941 ஆகஸ்ட் மாதக் கடைசி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோவால் என்றொரு பருத்திப் பண்ணை. அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மெக்கின்லி மார்கன்ஃபீல்டுக்கு அப்போது வயது 28. ஒரு வெள்ளைக்காரர் தேடி வந்திருக்கிறார் என்று ஆள் வந்து சொன்னதும் அவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. வாரம் முழுக்க வயலில் வேலை பார்த்தாலும், சனிக்கிழமை ராத்திரி ஆனால் அவருடைய மரக் குடிசையில் கள்ளச்சாராயம் ஓடும், சூதாட்டம் நடக்கும், விடிய விடிய கிட்டார் சத்தம் கேட்கும். வந்திருப்பவர் சாராயம் பிடிக்கிற அதிகாரிதான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

வந்தவர் ஆலன் லோமாக்ஸ். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்காக ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தவர். கூடவே ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின இசையறிஞர் ஜான் வொர்க்கும் வந்திருந்தார். (இந்தக் கள ஆய்வில் வொர்க்கின் பங்கு பெரியது. ஆனால் பேரும் புகழும் லோமாக்ஸுக்கே போனது. அது தனிக்கதை.) லோமாக்ஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மார்கன்ஃபீல்டு குடிக்கிற அதே குவளையில் வாங்கிக் குடித்தார். தனிக் குழாய், தனி வாசல், பேருந்தில் தனி இருக்கை என்று சட்டம் போட்டே கறுப்பினத்தவரை ஒதுக்கி வைத்திருந்த மாநிலம் அது. அங்கே ஒரு வெள்ளைக்காரர் இப்படிச் செய்வது நடக்காத காரியம். சரி, இவர் போலீஸ் இல்லை என்று மார்கன்ஃபீல்டுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

காரில் ஏற்றி வந்த கனமான ரெக்கார்டிங் கருவியைக் குடிசையில் பொருத்தினார்கள். பாடச் சொன்னார்கள். பாடியதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். தன் குரலை வெளியிலிருந்து அவர் கேட்டது அப்போதுதான். கடையில் விற்கிற ரெக்கார்டுகளில் பாடுகிறவர்களுக்குத் தான் ஒன்றும் குறைந்தவன் இல்லை என்பது அந்த நிமிடத்தில் உறைத்தது.

கொஞ்ச நாள் கழித்து இரண்டு ரெக்கார்டுகளும் 20 டாலர் காசோலையும் வந்து சேர்ந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உள்ளூர் ஜூக்பாக்ஸில் போட்டு, திரும்பத் திரும்பக் கேட்டார். கோட் சூட் போட்டு, ரெக்கார்டைக் கையில் பிடித்தபடி ஸ்டூடியோவில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். அந்த போட்டோ இன்றும் இருக்கிறது.

இந்த மனிதரைத்தான் உலகம் பிறகு மடி வாட்டர்ஸ் என்று அழைத்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவுக்குப் பெயர் வந்ததே இவருடைய ஒரு பாட்டிலிருந்துதான். சக் பெர்ரிக்கு ரெக்கார்டிங் கம்பெனியின் வாசலைக் காட்டியவரும் இவரே. எரிக் கிளாப்டனிலிருந்து ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வரை பலருக்கும் முதல் பாடம் இவருடைய கிட்டார். ஆனால் ராக் இசை கோடிகளில் புரண்ட காலத்தில், அதற்கு அடித்தளம் போட்டவர் தன் சொந்தப் பாட்டுக்கான காசைக் கேட்டு வழக்குப் போட வேண்டியிருந்தது.

சேற்றுப் பிள்ளை

பிறந்த தேதியிலேயே குழப்பம். 1915இல் ரோலிங் ஃபோர்க் என்ற ஊரில் பிறந்ததாக அவரே பல பேட்டிகளில் சொன்னார். ஆவணங்களைத் தோண்டிய ஆய்வாளர்கள், பக்கத்து இசாக்வீனா மாவட்டத்தில் 1913 ஏப்ரல் 4இல் பிறந்தவர் என்கிறார்கள். வளர்த்தது பாட்டி டெல்லா கிராண்ட். ஓடைச் சேற்றில் எப்போது பார்த்தாலும் புரண்டுகொண்டிருந்த பேரனைப் பாட்டி ‘மடி’ என்று கூப்பிட்டார். சேறு படிந்தவன் என்று அர்த்தம். ‘வாட்டர்ஸ்’ என்ற ஒட்டு பிறகு சேர்ந்தது.

பள்ளிக்கூடம் மூன்று வருடம் போனாலே பெரிது. எழுதப் படிக்க அவருக்குச் சரியாக வராது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஸ்டோவால் பண்ணையில் வாழ்க்கை என்பது வாரச் சாகுபடி. நிலம் முதலாளியுடையது. விதை, ஏர், மளிகை எல்லாம் அவரே கடனாகத் தருவார். அறுவடையில் ஒரு பங்கு உழுதவனுக்கு. அதில் கடனைக் கழித்துக்கொள்வார். கணக்கு நோட்டு முதலாளி கையில் இருக்கும். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால், உழுதவன் இன்னும் பாக்கி வைத்திருப்பான். அடிமை முறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. நோட்டில் அது ஒழிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

மடி முதலில் வாசித்தது மவுத் ஆர்கன். 17 வயதில் வீட்டில் மிச்சமிருந்த கடைசிக் குதிரையை 15 டாலருக்கு விற்று, பாதியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, மீதியில் சுமார் இரண்டரை டாலருக்கு ஒரு பழைய ஸ்டெல்லா கிட்டார் வாங்கினார். அந்தப் பக்கத்தில் சன் ஹவுஸ் என்பவர் பெரிய கை. உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கிட்டார் கம்பிகள் மீது வழுக்கி வாசிப்பார். வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வித்தையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார் மடி. இன்னொரு ஆசான், 1938இல் 27 வயதிலேயே இறந்துபோன ராபர்ட் ஜான்சன். நாற்சந்தியில் பேயிடம் ஆன்மாவை விற்றுத்தான் ஜான்சன் கிட்டார் கற்றார் என்று ஊரே கதை கட்டியது. ராப்பகலாக வாசித்துப் பழகினார் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையில் அவ்வளவு சுவாரஸ்யம் இல்லையே!

சரி, ப்ளூஸ் என்றால் என்ன?

சோகப் பாட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். பருத்தி பறிக்கிறவர்கள் வயலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுப்பார்கள். சிறைக் கைதிகளும் தண்டவாளம் போடுகிறவர்களும் வேலைக்குத் தாளமாகப் பாடுவார்கள். தேவாலயத்தில் ஒருவர் பாட, கூட்டம் பதில் பாடும். இதெல்லாம் சேர்ந்து 1900ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உருவெடுத்த இசை இது. 1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ ரெக்கார்டு பரபரப்பாக விற்ற பிறகுதான், கறுப்பின மக்களும் காசு கொடுத்து ரெக்கார்டு வாங்குவார்கள் என்பதே கம்பெனிகளுக்குப் புரிந்தது.

கட்டமைப்பு ரொம்ப எளிது. பெரும்பாலான ப்ளூஸ் பாட்டுகளுக்கு மூன்று கார்டு, 12 அளவுகள். முதல் வரியைப் பாடுவார், அதையே திரும்பப் பாடுவார், மூன்றாவது வரியில் பதில் சொல்வார். வரிகளுக்கு நடுவே கிட்டார் பேசும். ஒரு வாரம் மெனக்கெட்டால் யாரும் வாசித்துவிடலாம். ஆனால் பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சுரங்கள் இருக்கின்றனவே, அவற்றை ப்ளூஸ் பாடகர் குரலை வளைத்துப் பிடிப்பார். பாட்டில் கழுத்து கம்பியில் வழுக்கும்போது கிட்டாரும் அதையே செய்யும். மடி வாட்டர்ஸ் இன்னொன்றும் செய்தார். தாளத்துக்கு ஒரு இம்மி பின்னால் பாடுவார். விழப்போகிறார், விழப்போகிறார் என்று நாம் பதறும்போது சரியான இடத்தில் வந்து நிற்பார். எளிய சட்டகம், அதற்குள் ஒவ்வொருவருக்கும் தனி வழி. 100 வருடம் தாண்டியும் ப்ளூஸ் சலிக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டரை சென்ட்டும் கால் டாலரும்

1943. டிராக்டர் ஓட்ட அவருக்கு மணிக்கு இருபத்திரண்டரை சென்ட் கூலி. அதை 25 சென்ட் ஆக்கச் சொல்லிப் பண்ணை மேற்பார்வையாளரிடம் கேட்டார். கேட்டது வெறும் இரண்டரை சென்ட் உயர்வு. முடியாது என்று எரிந்து விழுந்தார் மேற்பார்வையாளர். சில நாட்களுக்குள் மடி ஒரு பெட்டியையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு வடக்கே போகிற ரயிலில் ஏறிவிட்டார். போன இடம் சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த சிகாகோ.

அவர் மட்டும் போகவில்லை. 1910இலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தென்மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். போர்க்காலத் தொழிற்சாலைகள் ஆள் தேடின. ஊரில் வேலையும் சுருங்கிக்கொண்டிருந்தது. மடி கிளம்பிய அடுத்த வருடம், 1944 அக்டோபரில், அதே கிளார்க்ஸ்டேலுக்குப் பக்கத்தில் ஹாப்சன் பண்ணையில் இயந்திரத்தால் பருத்தி பறித்துக் காட்டினார்கள். பல கைகள் நாள் முழுக்கச் செய்த வேலையை ஒரு இயந்திரம் செய்தது. இனி அந்தக் கைகளுக்கு ஊரில் என்ன வேலை?

சிகாகோவில் முதலில் ஒரு காகிதத் தொழிற்சாலையில் வேலை. பிறகு ஜன்னல் திரை விற்கிற கம்பெனிக்கு லாரி ஓட்டினார். ராத்திரியில் வீட்டு விருந்துகளிலும் சின்ன பார்களிலும் வாசித்தார். ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த பிக் பில் ப்ரூன்ஸி, ஊர் நாட்டுப்புறம் என்று ஒதுக்காமல் இவருக்கு மேடை பிடித்துக் கொடுத்தார்.

ஒரு சிக்கல். மிசிசிப்பிக் குடிசையில் இருபது பேருக்கு வாசித்த கிட்டார், சிகாகோ பாரில் யார் காதிலும் விழவில்லை. பகல் முழுக்க ஆலையில் உழைத்துவிட்டு வந்த கூட்டம் சத்தமாகப் பேசும், கண்ணாடி டம்ளர்கள் மோதும், வாசலில் டிராம் போகும். வந்த ஓரிரு வருடத்தில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். கலைப் புரட்சி செய்ய வேண்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. பாட்டு கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் சின்ன ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் திருகினால், ஒலி பெரிதாவதோடு நிற்காது. ஓரங்கள் உடைந்து கரகரக்கும். ஒரு சுரத்தை வாசித்தால் அது உடனே செத்துப்போகாமல் நீண்டு அழும். பொறியாளர் கண்ணுக்கு இது கோளாறு. இருபது வருடம் கழித்து ராக் கிட்டார் என்று உலகம் கொண்டாடிய சத்தத்துக்குள் இருப்பதும் இந்தக் கோளாறுதான்.

இரண்டு முறை பதிவான அதே பாட்டு

சிகாகோவில் செஸ் சகோதரர்கள் என்று இருவர் இருந்தார்கள். லெனர்டு, ஃபில். போலந்திலிருந்து சிறுவயதில் வந்த யூதக் குடும்பம். கறுப்பினத்தவர் பகுதியில் நைட் கிளப் நடத்தியவர்கள், அரிஸ்டோகிராட் என்ற ரெக்கார்டு கம்பெனிக்குள் நுழைந்தார்கள். அங்கே 1947இல் வாட்டர்ஸுக்கு அழைப்பு வந்தது. அப்போது அவர் லாரியில் திரை டெலிவரி பண்ணிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் ஒருவர் இறந்துவிட்டதாக முதலாளியிடம் பொய் சொல்லி லீவு வாங்கியதாகப் பின்னாளில் அவரே சொன்ன கதை உண்டு.

1948 ஏப்ரலில் அவர் பதிவு செய்த இரண்டு பாட்டுகளும் புதியவை அல்ல. ஏழு வருடத்துக்கு முன் லோமாக்ஸ் குடிசையில் பதிவு செய்த அதே பாட்டுகள், தலைப்பு மட்டும் மாறியிருந்தது. அப்போது ‘ஐ பீஸ் டிரபுள்டு’, இப்போது ‘ஐ காண்ட் பி சாட்டிஸ்ஃபைடு’. லெனர்டு செஸ்ஸுக்கு அந்தப் பாட்டு பிடிபடவே இல்லையாம். பிடிபட்டது நகரத்துக்கு வந்திருந்த மிசிசிப்பிக்காரர்களுக்கு. ஒரு வாரக் கடைசியில் முதல் அச்சு முழுக்கத் தீர்ந்துபோனது. ஆளுக்கு ஒன்றுதான் தருவோம் என்று கடைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். பாடியவருக்கும் அதே சட்டம்தான். விலை போட்டதற்கு மேலே காசு கொடுத்துத்தான் மடி வாட்டர்ஸ் தன் சொந்த ரெக்கார்டை வாங்கினார்.

இந்த இரண்டு பதிவுகளுமே இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ஹெட்போன் போட்டு அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதலாவதில் ஒரு அறை கேட்கிறது, அதில் ஒரு ஆள் தனியாகப் பாடுகிறார். இரண்டாவதில் வார்த்தைகள் ஏறக்குறைய அவைதான், விரல்களும் அவைதான், கூட ஒரு பேஸ் மட்டும் சேர்ந்திருக்கிறது. ஆனால் கிட்டார் இப்போது கத்தி மாதிரி கிழிக்கிறது. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர் ஞாபகம் எப்படி இருக்குமோ அப்படி. ராக் எங்கே தொடங்குகிறது என்று இசை வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆளுக்கொரு ரெக்கார்டைக் காட்டுகிறார்கள். எது முதல் என்று தீர்ப்பது வீண் வேலை. எப்படி நடந்தது என்று கேட்டால் மட்டும், இந்த இரண்டு பதிவுகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைவிடத் தெளிவான பதில் கிடைப்பது கஷ்டம்.

அடுத்த சில வருடங்களில் அவர் சேர்த்த குழு சிகாகோவையே ஆட்டிப்படைத்தது. இன்னொரு கிட்டாருக்கு ஜிம்மி ரோஜர்ஸ். மவுத் ஆர்கனை மைக்கோடு சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்தி வாசித்து, அதைச் சாக்ஸபோன் அளவுக்குப் பெருக்கிக் காட்டிய லிட்டில் வால்டர். பியானோவில் ஓட்டிஸ் ஸ்பான். மற்ற கிளப்புகளுக்குப் போய், அங்கே வாசிக்கிற குழுவை வாசித்தே விரட்டுவது இவர்களுக்குப் பொழுதுபோக்கு. கிட்டார், பேஸ், டிரம்ஸ், முன்னால் நின்று மிரட்டும் ஒரு பாடகர் என்ற வடிவம் இன்று எந்தக் கல்லூரி விழாவிலும் பார்க்கிற ராக் பேண்டின் வடிவம்தான்.

வில்லி டிக்சன் என்ற பேஸ் கலைஞர் ஒருநாள், கிளப்பில் இடைவேளையின்போது, கழிப்பறையில் வைத்து ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரியே மேடையேறிப் பாடிவிட்டார் வாட்டர்ஸ். அதுதான் ‘ஹூச்சி கூச்சி மேன்’. 1954இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. இசைக்குழு மொத்தமும் சேர்ந்து ஒரு அடி அடிக்கும், நிறுத்தும். அந்த அமைதியில் குரல் மட்டும் தனியாக வரும். மறுபடியும் அடி. இந்த ஒரு உத்தியை அதற்குப் பிறகு எத்தனை ராக் பாட்டுகள் எடுத்துக்கொண்டன என்று எண்ணி மாளாது.

‘பையா’ என்று கூப்பிட்ட காலத்தில்

1955 மே மாதம் பதிவான ‘மேனிஷ் பாய்’ இன்று விளம்பரங்களிலும் படங்களிலும் சும்மா ஒரு கெத்துக்காகப் போடுகிற பாட்டாகிவிட்டது. அது பிறந்த இடத்தில் அர்த்தம் வேறு. அன்றைய அமெரிக்கத் தெற்கில் கறுப்பின ஆணுக்கு 60 வயதானாலும், பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், வெள்ளைக்காரச் சிறுவன்கூட அவரைப் ‘பையா’ என்றுதான் கூப்பிடுவான். ஐயா என்ற மரியாதை கிடையாது. அந்த நாட்டில் ஒருவர் மைக் முன்னால் நின்று, தான் பையன் இல்லை, ஆண் என்று அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்து முழங்குகிறார். பின்னால் கூட்டம் கூச்சல் போட்டு ஆமோதிக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் காதல் வீரம் பேசும் பாட்டுதான். யாருக்கு எது கேட்க வேண்டுமோ அது கேட்டது.

அதே வருடம் ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்குப் போன 14 வயது எம்மெட் டில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் வம்பு செய்தான் என்று சொல்லிக் கொடூரமாகக் கொல்லப்பட்டான். செய்தவர்களை நீதிமன்றம் விடுவித்தது. வாட்டர்ஸின் ஊர்ப்பக்கம்தான் அதெல்லாம் நடந்தது. பாட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் அந்த வருடம் அந்த ரெக்கார்டை வாங்கியவர்கள் எப்படிப்பட்ட நாட்டில் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு அதைக் கேட்கக் கூடாது.

அதே 1955இல் செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு இளைஞர் வந்து, ரெக்கார்டு போட யாரைப் பார்க்கணும் என்று வாட்டர்ஸிடம் கேட்டார். லெனர்டு செஸ்ஸைப் போய்ப் பார் என்று அனுப்பிவைத்தார் இவர். வந்தவர் சக் பெர்ரி. அவருடைய ‘மேபலீன்’ வெள்ளைக்கார இளைஞர்களையும் ஆட வைத்தது. ராக் அண்ட் ரோல் அலை எழுந்தது. அந்த அலையில் முதலில் மூழ்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? வழி காட்டியவர்தான். வாட்டர்ஸின் ரெக்கார்டு விற்பனை சரிந்தது. கறுப்பின இளைஞர்களுக்கு ப்ளூஸ் என்பது அப்பா காலத்துச் சங்கதி, மறக்க நினைக்கிற பருத்திக்காட்டு ஞாபகம்.

கடல் தாண்டிய பாட்டு

1958இல் இங்கிலாந்து போனார். அங்கே இருந்த ரசிகர்கள் ப்ளூஸ் என்றால் வயதான விவசாயி ஒருவர் மரக் கிட்டாரோடு அமைதியாகப் பாடுவது என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஆம்ப்ளிஃபையரைத் திருகியதும் சிலர் மிரண்டுபோனார்கள், பத்திரிகைகளும் அலறலைப் பற்றி எழுதின. சரி, இவர்களுக்கு இதுதான் பிடிக்கும் போல என்று 1963இல் போனபோது மரக் கிட்டாரை எடுத்துப் போனார். அதற்குள் லண்டன் பையன்கள் ஆளுக்கொரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி, இவருடைய பழைய அலறலைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

அந்தப் பையன்களில் சிலரை உலகத்துக்கே தெரியும். 1961இல் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் கையில் சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் ரெக்கார்டுகளோடு நின்றிருந்த மிக் ஜாகரைப் பழைய பள்ளித் தோழன் கீத் ரிச்சர்ட்ஸ் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். அடுத்த வருடம் குழுவுக்குப் பெயர் என்ன என்று போனில் பத்திரிகைக்காரர் கேட்க, தரையில் கிடந்த வாட்டர்ஸின் ரெக்கார்டு உறையில் கண்ணில் பட்ட ‘ரோலிங் ஸ்டோன்’ பாட்டின் பெயரை பிரையன் ஜோன்ஸ் சொல்லிவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1964இல் அவர்கள் அமெரிக்கா வந்தபோது செஸ் ஸ்டூடியோவுக்கும் போனார்கள். அங்கே வாட்டர்ஸ் ஏணியில் நின்று சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார் என்று ரிச்சர்ட்ஸ் பல வருடம் சொல்லிவந்தார். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று லெனர்டின் மகன் மார்ஷல் செஸ் மறுத்தார். நடந்திருக்காது என்றே தோன்றுகிறது. ஆனாலும் அந்தக் கதையைப் பலரும் சட்டென்று நம்பியதற்குக் காரணம் இருந்தது.

கணக்கு நோட்டு யாரிடம்?

செஸ் கம்பெனிக்கும் வாட்டர்ஸுக்கும் இருந்த உறவு விசித்திரமானது. லெனர்டு மீது அவருக்கு உண்மையான பாசம் இருந்தது. பணத் தேவை என்றால் போய்க் கேட்பார், கொடுப்பார்கள். கார் வேண்டுமா, கார் வரும். மருத்துவச் செலவு, வீட்டுச் செலவு எல்லாம் நடக்கும். எத்தனை ரெக்கார்டு விற்றது, அதில் தன் பங்கு எவ்வளவு, எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது மட்டும் தெரியாது. இதைப் படிக்கும்போது ஸ்டோவால் பண்ணை ஞாபகம் வந்தால் அது தற்செயல் இல்லை. வரலாற்றாசிரியர்கள் பலரும் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்கிறார்கள். முதலாளியிடம் கேட்டு வாங்கிப் பழகிய மனிதர், எழுதப் படிக்கத் தெரியாதவர், நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

செஸ்ஸை வெறும் வில்லனாகக் காட்டுவதும் சரியில்லை. வேறு யாரும் தொடாத இசையைக் காசு போட்டு வெளியிட்டவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான கம்பெனிகளும் இப்படித்தான் நடந்தன. ஆனால் பாட்டின் உரிமை என்ற பெரிய சொத்து, செஸ் சகோதரர்களுக்கும் பங்கு இருந்த ஆர்க் மியூசிக் என்ற நிறுவனத்திடம் இருந்தது. ரெக்கார்டு விற்பது ஒருமுறை வருமானம். வேறு யாராவது அந்தப் பாட்டைப் பாடினால், வானொலியில் போட்டால், படத்தில் வைத்தால் வரும் காசு உரிமைக்காரருக்குத்தான். வெள்ளைக்கார ராக் குழுக்கள் இந்தப் பாட்டுகளைப் பாடி லட்சக்கணக்கில் விற்றபோது அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். 1970களில் வாட்டர்ஸும் டிக்சனும் ஆர்க் மியூசிக் மீது வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. லெட் செப்பலினின் புகழ்பெற்ற ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டு, வாட்டர்ஸ் 1962இல் பாடிய டிக்சனின் பாட்டிலிருந்து எடுத்தது என்று டிக்சன் தனியாக வழக்குப் போட, அதுவும் 1987இல் சமரசத்தில் முடிந்தது. அப்போது வாட்டர்ஸ் உயிரோடு இல்லை.

கடைசி ஆட்டம்

நடுவில் சறுக்கல்கள் நிறைய. 1968இல் காலத்துக்கு ஏற்ற மாதிரி என்று சைகடெலிக் பாணியில் ஒரு ஆல்பம் போட வைத்தார்கள், அவருக்கே அது பிடிக்கவில்லை. 1969 அக்டோபரில் லெனர்டு செஸ் மாரடைப்பில் இறந்தார். அதே மாதம் நடந்த கார் விபத்தில் வாட்டர்ஸின் ஓட்டுநர் இறந்தார், இவர் இடுப்பெலும்பு நொறுங்கி மாதக்கணக்கில் படுத்தார். வீட்டு வாழ்க்கையும் சிக்கலானதுதான். மனைவி ஜெனீவாவுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பல உறவுகள், வெளியே பிறந்த பிள்ளைகள். 1973இல் ஜெனீவா புற்றுநோயில் இறந்த பிறகு அந்தப் பிள்ளைகளில் சிலரைக் கூட்டிக்கொண்டு வெஸ்ட்மான்ட் என்ற புறநகருக்குக் குடிபோனார்.

அப்புறம் ஒரு மறுபிறவி. டெக்சஸைச் சேர்ந்த ஜானி வின்டர் என்ற இளம் ராக் கிட்டாரிஸ்ட் தயாரிப்பில் 1977இல் வந்த ‘ஹார்டு அகெய்ன்’ ஆல்பத்தில் 60 தாண்டிய மனிதர் 1955இன் ‘மேனிஷ் பாய்’ பாட்டை மறுபடி பாடினார். ஸ்டூடியோவில் இருந்தவர்கள் பின்னால் கூச்சல் போடுவதுகூட அதில் பதிவாகியிருக்கிறது. மொத்தம் ஆறு கிராமி விருதுகள், எல்லாமே 1970களிலும் அதை ஒட்டியும் வந்தவை. வெள்ளை மாளிகையிலும் வாசித்தார்.

1981 நவம்பரில் சிகாகோவின் செக்கர்போர்டு லவுஞ்ச் என்ற சின்ன கிளப்பில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். அவர்கள் அன்று நிரப்பிக்கொண்டிருந்தது விளையாட்டு அரங்குகளை. இவர் மேடை ஒரு சாப்பாட்டு அறை அளவுக்குத்தான் இருக்கும். வீடியோ இருக்கிறது. அதில் கிழவர் முகத்தில் கசப்பு கொஞ்சமும் தெரியவில்லை, பேரப்பிள்ளைகளோடு விளையாடுகிற மாதிரிதான் இருக்கிறது.

1983 ஏப்ரல் 30 அன்று, 70 வயதில், வெஸ்ட்மான்ட் வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார். கல்லறைக் கல்லில் பிறந்த வருடம் 1915 என்றே செதுக்கியிருக்கிறார்கள், அவர் சொன்னபடியே. 1987இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். சிகாகோவில் அவர் 1950களிலிருந்து குடியிருந்த லேக் பார்க் அவென்யூ வீட்டை 2021இல் மாநகராட்சி பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஸ்டோவால் குடிசையைச் சூறாவளி சிதைத்த பிறகு, அதிலிருந்து கழன்ற ஒரு சைப்ரஸ் மரத்துண்டை எடுத்துப்போய் இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் ஒரு கிட்டார் செய்ய வைத்தார். மிச்சக் குடிசை இப்போது கிளார்க்ஸ்டேல் அருங்காட்சியகத்துக்குள், கூரைக்குக் கீழே பத்திரமாக நிற்கிறது. அது இருந்த இடத்தில் சாலையோரமாக ஒரு நினைவுப் பலகை மட்டும் நட்டிருக்கிறார்கள்.